கடைசி வீட்டுத் தண்ணீர்

ரஹீமுன்னிசாவைப் பொய்க்காரி என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா நிற்கிற ஆளும் இல்லை அவள். திருவொற்றியூரில் அவள் வாழ்க்கைப்பட்டு வந்த அந்தச் சந்தில், மீன்காரியிடமும் சரி, கரண்ட் ஆபீஸ் ஆளிடமும் சரி, உள்ளதை உள்ளபடி முகத்துக்கு நேரே பேசுகிறவள் என்றுதான் பெயர். வாழ்நாளில் அவள் சொன்ன ஒரே பெரிய பொய் தண்ணீரைப் பற்றியது. அதையும் முதலில் வாயால் சொல்லவில்லை. ஓர் அண்டாவை வைத்துச் சொன்னாள்.

அவள் வீடு சந்தின் கடைசி வீடு. தண்ணீர்க் குழாயும் அங்கேதான் முடிகிறது. சந்தின் முன்பக்கத்து வீடுகளெல்லாம் அடித்து முடித்து, மிச்சம் மீதி இருப்பதுதான் கடைசி வீட்டு அடிபம்புக்கு வரும். அதுவும் விடிவதற்கு முன்னால் கொஞ்ச நேரம். அப்புறம் நாள் முழுக்கப் பிடியைப் பிடித்துத் தொங்கினாலும் காற்றுதான். வருகிற தண்ணீராவது தண்ணீராக இருக்கிறதா? முதல் நாலைந்து குடம் மஞ்சளாக வரும். அடுத்தது தெளிந்தது போலத் தோன்றும், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, தலைக்கு ஊற்றினால் முடி கயிறாகிவிடும். குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர். மற்றதற்கெல்லாம் இந்தக் கண்ணராவி.

இந்தத் தண்ணீர் கொசஸ்தலை ஆற்றுடையது. ஆறு எங்கோ மேற்கே பூண்டியில் தேங்கி, அப்புறம் மீஞ்சூர்ப் பக்கம் வளைந்து வந்து, எண்ணூரில் கடலில் விழுகிறது. அதன் கரையோரக் கிணறுகளிலிருந்து பழைய குழாய் ஒன்று இந்தப் பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் வருகிறது. சந்துக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ஆற்றைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் தினமும் காலையில் அதைத் திட்டாமல் அவர்களுக்குப் பொழுது விடிந்ததும் இல்லை. ஊருக்கும் ஆலைக்கும் என்று கிணறுகளில் உறிஞ்சி உறிஞ்சி, நிலத்துக்கு அடியில் நல்ல தண்ணீர் இருந்த இடத்துக்குக் கடல் வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் இந்த உப்பு.

எனவே சந்து கேட்டது வேறொரு குழாய். கடல்நீரைச் சுத்தமாக்கும் நிலையத்திலிருந்து ஒரு கிளை இந்தப் பக்கமும் வர வேண்டும் என்று எதிர்வீட்டுப் பவானி தலைமையில் மனு மேல் மனுவாகக் கொடுத்திருந்தார்கள். பவானி மனு கொடுக்கப் போனால் சும்மா திரும்ப மாட்டாள், அந்த ஆபீஸில் ஒரு வாரத்துக்கு அவள் குரல் கேட்கும்.

இப்படி இருக்கும்போதுதான் நவ்ரீன் உண்டானாள்.

நவ்ரீன் ரஹீமுன்னிசாவின் ஒரே மகள். பழைய வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் மொஹ்சினுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பையன் தங்கம். மாமியார் ஜுலைகாவும் நல்ல மனுஷிதான், ஆனால் அவளுக்குத் தண்ணீர்ப் பயம். எண்ணூரில் வாழ்க்கைப்பட்ட அவளுடைய மூத்த மகளின் பிள்ளைக்கு, பிறந்த சில நாளிலேயே குளிப்பாட்டிய தண்ணீரால் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்துபோனது. அந்தப் பிஞ்சு அழுத அழுகையை ஜுலைகா இன்னும் மறக்கவில்லை. அதனால் நவ்ரீனுக்கு ஏழாம் மாதம் பிறந்ததும் போனில் சொல்லிவிட்டாள்.

"சம்மந்தி, மொதப் பேறு அம்மா வூட்லதான், அது நம்ம வழக்கம், நான் ஒண்ணும் வேணாங்கல. ஆனா தண்ணி நல்லா கீதான்னு என் கண்ணால பாத்தாத்தான் அனுப்புவேன். வெள்ளிக்கெழமை வரேன்."

ரஹீமுன்னிசா போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மகள் பிரசவத்துக்கு வராவிட்டால் சந்து என்ன பேசும் என்பது ஒரு பக்கம். பேசட்டும், பேசிவிட்டுப் போகட்டும். அவளுக்கு நவ்ரீன் வேண்டும். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடப்பதைப் பார்க்க வேண்டும். பிள்ளையைக் காலில் போட்டு முதல் தண்ணீரைத் தன் கையால் ஊற்ற வேண்டும். 

வெள்ளிக்கிழமை காலையில் பவானியைக் கூப்பிட்டாள். இரண்டு பேருமாகக் கேன்களைத் தூக்கி வந்து, கழுவித் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த அண்டாவில் கவிழ்த்தார்கள். அண்டா ததும்பியது. காலிக் கேன்களைப் பவானி தன் வீட்டுக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்தாள். ரஹீமுன்னிசா அண்டாவைத் தட்டால் மூடி, அதன் மேல் ஒரு சொம்பைக் கவிழ்த்து, பம்பிலிருந்து பிடித்தது போல வாசற்பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் புருஷன் கமாலுதீன், பொண்டாட்டியின் வேலையைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாமே, அல்லாவுக்குத் தெரியாதா இது?"

"அல்லாவுக்குத் தெரியும். சம்மந்திக்குத் தெரிய வேணாம். நீ கெளம்பு."

ஜுலைகா வந்தாள். பிரியாணி சாப்பிட்டாள். எழுந்து கை கழுவும் சாக்கில் அண்டாப் பக்கம் போய், சொம்பில் மொண்டு ஒரு வாய் குடித்தாள். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தாள். 

"பரவால்லியே சம்மந்தி," என்றாள் ஜுலைகா. "பம்புத் தண்ணியா இது?"

"ஆமா. காலைல புடிச்சது."

அந்தப் பாழாய்ப்போன நேரத்தில்தான் வாசலில் ஒரு பெண் வந்து நின்றது. தோளில் பை, கையில் சின்னச் சின்ன சீசாக்கள்.

"ஆன்ட்டி, என் பேரு சங்கமித்ரா. கொசஸ்தலை ஆத்துத் தண்ணியே இந்தப் பக்கத்துக்குக் குடிக்கப் போதுமான்னு ஒரு ஆய்வு நடக்குது. தெருவுக்கு ஒரு வூடு, பைப்பு முடியற கடைசி வூடு. உங்க பம்புத் தண்ணி ஒரு சீசா வேணும்."

பேச்சிலேயே வடசென்னைப் பெண் என்று தெரிந்தது. புளியந்தோப்பாம், பிறகு சொன்னது. பம்பின் பிடியை அடித்துப் பார்த்தது. காற்றுதான் வந்தது.

"தண்ணி விடிகாலைல மட்டுந்தான் வரும் கண்ணு," என்றாள் ரஹீமுன்னிசா. அது உண்மை.

"பரவால்ல ஆன்ட்டி. புடிச்சு வெச்சது இருந்தாலும் எடுத்துக்கலாம்னு சொல்லிருக்காங்க."

ஜுலைகா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். பின்கட்டில் பிளாஸ்டிக் டிரம்மில் மஞ்சள் தண்ணீர் இருக்கிறது. அதை இப்போது எப்படி எடுத்து வருவது? ரஹீமுன்னிசா யோசிக்கவே இல்லை. கை தானாகப் போனது. அண்டாவில் மொண்டு சீசாவை நிரப்பி, முந்தானையால் வெளிப்பக்கத்தைத் துடைத்து நீட்டினாள். வெயிலில் வந்த பிள்ளையாயிற்றே என்று அதே சொம்பில் குடிக்கவும் கொடுத்தாள். சங்கமித்ரா மடமடவென்று குடித்தது.

"நல்லா இருக்கே ஆன்ட்டி!"

"எங்க தெருவுக்கும் வா பொண்ணு," என்று ஜுலைகா குறுக்கே விழுந்தாள். சம்பந்தி வீட்டுத் தண்ணீரை ஒருத்தி புகழ்ந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. "பழைய வண்ணாரப்பேட்டைல ஜுலைகா வூடுன்னு கேளு, அதுவும் பைப்பு முடியற வூடுதான். எங்க தண்ணியப் பாத்தா இத மறந்துடுவே."

சங்கமித்ரா சிரித்துக்கொண்டே விலாசம் வாங்கிக்கொண்டது. அன்று சாயந்திரம் கிளம்பும்போது ஜுலைகா சொன்ன வார்த்தை ரஹீமுன்னிசாவுக்குப் போதுமாக இருந்தது. "ஒம்போதாம் மாசம் பொறந்ததும் இட்டாந்து வுடறேன் சம்மந்தி."

அண்டாவைப் பார்த்து ரஹீமுன்னிசா ஒரு கும்பிடு போடாத குறைதான்.

நாட்கள் போயின. நவ்ரீனுக்கு எட்டாம் மாதம் முடியும் சமயத்தில், ஆய்வின் முடிவைப் பொதுமக்கள் முன்னால் சொல்லிக் கருத்துக் கேட்கப்போகிறார்கள் என்று பவானி தகவல் கொண்டுவந்தாள். மார்க்கெட் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் கூட்டம். சந்து முழுக்கக் கிளம்பியது. வண்ணாரப்பேட்டைத் தெருவும் அதே ஆய்வில் இருந்ததால் ஜுலைகாவும் நாலு பெண்களோடு வந்திருந்தாள். சம்பந்தியைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியில் இடம் பிடித்துக் கொடுத்தாள்.

"நவ்ரீன் பை கட்டி வெச்சிட்டா சம்மந்தி. எப்ப அம்மா வூடு, எப்ப அம்மா வூடுன்னு ஒரே நச்சு."

ரஹீமுன்னிசாவுக்கு உடம்பெல்லாம் பூரித்தது. மேடையைக் கவனிக்க மனசே இல்லை அவளுக்கு. ஆனாலும் எத்திராஜ் என்ற அந்த ஆய்வுத் தலைவர் படம் போட்டு விளக்க ஆரம்பித்ததும் மெல்ல மெல்லக் காது அங்கே போனது.

மனுஷர் நன்றாகவே பேசினார், அலட்டிக்கொள்ளவில்லை. ஆறு எங்கே பிறக்கிறது, எந்த ஏரிகளில் தேங்குகிறது, மழைக்காலத்தில் எவ்வளவு வீணாகக் கடலுக்குப் போகிறது என்றெல்லாம் காட்டினார். தடுப்பணைகள் கட்டியதால் நிலத்தடியில் நல்ல தண்ணீர் ஏறியிருக்கலாம் என்று முன்பே நம்பியதாகச் சொன்னார். "அது உண்மையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? அந்தக் கிணத்துத் தண்ணி கடைசியாப் போய்ச் சேர்ற வீட்டுல எப்படி இருக்குன்னு பாத்தா தெரிஞ்சுடும். பாத்தோம். பெரும்பாலான வீடுகள்ல உப்பே இல்ல. கடல் பின்வாங்கியிருக்கு. அதனால ஆத்தங்கரையில இன்னும் கிணறுகள் போட்டா, இந்தப் பகுதிக்குக் குடிக்க இந்த ஆத்துப் படுகையே போதும். கடல்நீர் நிலையத்துலேர்ந்து புதுக் குழாய் தேவைப்படாது."

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. "இன்னாது, லைன் கெடையாதா?" என்று யாரோ கத்தினார்கள்.

ரஹீமுன்னிசாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது.  உப்பே இல்லாத தண்ணீர். கடைசி வீடு. அந்தச் சீசா.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கறுத்து மெலிந்த உடம்பு, கழுத்தில் துண்டு. மீஞ்சூருக்கு மேற்கே ஆற்றோரக் கிராமத்திலிருந்து வந்திருப்பதாகவும் தன் பெயர் வேம்பு என்றும் சொன்னாள்.

"ஐயா, நீங்க கிணறு போடணும்னு சொல்ற எடத்துலதான் எங்க நெலம் இருக்குது. எங்க கெணத்துல தண்ணி வருஷா வருஷம் கீழ போயிட்டே இருக்குது. ஊரைச் சுத்தி கேன் கம்பெனிக்காரன் வேற ராவும் பகலும் இழுக்கறான். எங்களுக்குக் கீழாண்டை இருக்கிற ஊருல நெல்லு கருகிப்போச்சு, அங்க உப்பு ஏறிடுச்சு. கடல் பின்னால போகலைங்க, முன்னால வந்துட்டு இருக்குது. நீங்க இன்னும் போர் போட்டா எங்க வாசலுக்கே வந்துடும்."

"அம்மா, உங்க கவலை புரியுது," என்றார் எத்திராஜ். "ஆனா பரிசோதனை வேற சொல்லுதே."

"எந்த வூட்டுல அந்த நல்ல தண்ணி வருதுன்னு சொல்லுங்க. நானும் போயி ஒரு வாய் குடிச்சுப் பாக்கறேன்."

எத்திராஜ் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சங்கமித்ராவைப் பார்த்தார். அது எழுந்து, ரொம்ப நல்ல தண்ணீர் கிடைத்த தெருக்களை ஒவ்வொன்றாகச் சொன்னது. இரண்டாவதாகவே இவர்கள் சந்து வந்தது.

சந்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி வீடு யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். தலைகள் ரஹீமுன்னிசா பக்கம் திரும்பின. அவள் பவானியைப் பார்த்தாள்.

பவானிக்கு எல்லாம் தெரியும். கேன் தூக்கியவள் அவள். காலிக் கேனை ஒளித்தவள் அவள். அந்தக் குழாய்க்காக வெயிலிலும் மழையிலும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கித் தொண்டை கிழியக் கத்தியவளும் அவள்தான். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். பவானி வாயைத் திறக்கவில்லை. மடியில் கிடந்த தன் கையையே பார்த்துக்கொண்டு கல்லாட்டம் உட்கார்ந்திருந்தாள். நவ்ரீன் வீட்டுக்கு வர வேண்டுமே என்று அவளும் நினைக்கிறாள். அதற்காகச் சந்தின் குழாயையே விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ரஹீமுன்னிசாவால் அதைத் தாங்க முடியவில்லை. சும்மா இருந்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்ததும் உண்மைதான். இத்தனை காலம் குழாய் இல்லாமலா இருந்தோம், இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் செத்தா போய்விடுவோம்? மகள் அடுத்த வாரம் வந்துவிடுவாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் எதிர்வீட்டுக்காரி அவளுக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறாளே, அந்த முகத்தில் இனி எந்த முகத்தோடு விழிப்பது? மகளுக்காக ஒரு சந்து முழுவதையும் உப்புத் தண்ணீரில் விட்டவள் என்று அவளை அவளே நினைத்துக்கொண்டு எப்படிச் சோறு தின்பது?

எழுந்தாள்.  பக்கத்தில் ஜுலைகாவின் அத்தர் வாசனை வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"சார், அது எங்க வூடு. நான் குடுத்தது பம்புத் தண்ணி இல்ல. கேன் தண்ணி."

மண்டபம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது.

"அன்னிக்கு எங்க வூட்டுக்குச் சம்மந்தி வந்திருந்தாங்க. தண்ணி நல்லா இருந்தாத்தான் பொண்ணப் பேறுக்கு அனுப்புவேன்னு சொல்லியிருந்தாங்க. அதுக்கோசரம் கேன வாங்கி அண்டால ஊத்தி வெச்சேன். அந்த நேரத்துக்கு இந்தப் பொண்ணு வந்து கேட்டுச்சு. அவங்க எதிர்ல மஞ்சத் தண்ணிய எட்த்தாந்து காட்ட எனக்கு மனசு வரல. அண்டால மொண்டு குட்த்துட்டேன். இப்டி ஆவும்னு சத்தியமா எனக்குத் தெரியாது சார். எங்க சந்துல ஆரும் பொய் சொல்லல. நான்தான் சொன்னேன்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நவ்ரீன் கட்டி வைத்த பை கண்ணுக்கு முன்னால் வந்தது. இனி அது வண்ணாரப்பேட்டையிலேயே கட்டிலுக்கடியில் கிடக்க வேண்டியதுதான்.

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. ஜுலைகா எழுந்துவிட்டாள். கோபித்துக்கொண்டு கிளம்புகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ரஹீமுன்னிசாவும் வழிவிட நகர்ந்தாள். ஜுலைகா நகரவில்லை. தலைமேல் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமினாள்.

"அந்தச் சம்மந்தி நான்தான் சார். பழைய வண்ணாரப்பேட்டை. எங்க வூட்ல எட்த்துகினு போனீங்களே, அதுவும் கேன் தண்ணிதான்."

யாரோ சிரித்தார்கள். ஜுலைகா அந்தப் பக்கம் திரும்பி ஒரு முறை முறைத்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

"இவங்க வூட்ல தண்ணி நல்லா கீதுன்னு இந்தப் பொண்ணு சொல்லிச்சு. அப்பால எங்க வூட்டுக்கு வந்தா நான் கலீஜ் தண்ணியா குடுப்பேன்? என் மருமவ வேற எதிர்ல நிக்கிறா. குடம் தேச்சு, கேன ஊத்தி, இந்தா பாருன்னு குட்த்தேன். எனக்கும் புத்தி இல்ல."

எத்திராஜ் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் அவர் களைத்துப்போனவர் மாதிரிதான் தெரிந்தார். இந்த முடிவு உண்மையாக இருக்க வேண்டும் என்று அவரும் ஆசைப்பட்டிருப்பார் போல. ஒரு ஆறு தேறிவிட்டது என்று சொல்வதற்கு எவனுக்குத்தான் ஆசை இருக்காது?

"வேற யார் வீட்டுலயாவது இப்படிக் குடுத்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். "நான் யாரையும் திட்டப்போறதில்ல. தெரிஞ்சுக்கணும்."

முதலில் ஒரு கையும் எழவில்லை. அப்புறம் ராயபுரத்து அம்மா ஒருத்தி, வீடு தேடி வந்த பெண்பிள்ளை கையில் அந்தத் தண்ணீரை எப்படிக் கொடுப்பது என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் ஒருவர் தயங்கித் தயங்கிக் கை தூக்கினார். அப்புறம் இன்னும் சிலர். ஒருத்தருக்கும் சீசாவைப் பற்றிய நினைப்பே இருந்திருக்கவில்லை. வெயிலில் வந்து நின்ற பிள்ளையைப் பற்றித்தான் நினைத்திருந்தார்கள்.

சங்கமித்ராவின் முகம் சிவந்துபோயிருந்தது. "சார், தப்பு என்னோடது," என்றது. "தண்ணி ரொம்ப சுத்தமா இருக்கேன்னு எனக்கு அப்பவே உறுத்துச்சு. எங்க வூட்லயும் யாராச்சும் வந்தா கேன்தான் ஒடைப்பாங்க. புளியந்தோப்புல பொறந்துட்டு இது எனக்குத் தோணிருக்கணும். தண்ணி வர நேரத்துல வந்து, பம்புலேர்ந்தே நானே புடிச்சிருக்கணும்."

அன்றைக்குக் கூட்டத்தில் பெரிதாக எதுவும் முடிவாகவில்லை. ஆறு போதும் என்ற முடிவை நிறுத்தி வைக்கிறோம், எல்லா வீட்டிலும் விடிகாலையில் மறுபடி எடுக்கிறோம் என்று எத்திராஜ் சொன்னார். புதுக் குழாய் வரும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. வராது என்றும் சொல்லவில்லை. பவானி எழுந்து, விடிகாலையில் வருகிறவர்களுக்கு டீ தன் பொறுப்பு என்றும், ஆனால் அதைப் பம்புத் தண்ணீரில்தான் போடப் போவதாகவும் அறிவித்தாள். மண்டபம் முழுக்கச் சிரித்தது. பவானி வெளியே போகும் வழியில் ரஹீமுன்னிசாவின் தோளை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள். 

மண்டபத்து வாசலில் மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேம்பு டம்ளரோடு இவர்கள் பக்கமாக வந்தாள். 

"எம்மேல கோவமா?" என்று ரஹீமுன்னிசா கேட்டுவிட்டாள்.

"கோவம் எதுக்கு? நீங்க எந்திரிச்சுச் சொல்லலன்னா எங்க கெணறு போயிருக்கும்," என்றாள் வேம்பு. "நீங்க என்ன கேன் வாங்கறீங்க?"

ரஹீமுன்னிசா பெயரைச் சொன்னாள். வேம்பு சிரித்தாள், ஆனால் சந்தோஷமாக இல்லை.

"அது எங்க ஊருதான். எங்க கெணத்துக்குப் பக்கத்து போர்லேர்ந்துதான் இழுக்கறான். சீசாவுல புடிச்சுட்டுப் போய் ஆத்துத் தண்ணி நல்லா இருக்குதுன்னு சொன்னாங்களே, அது தப்பு இல்ல. ஆத்துத் தண்ணிதான் அது. கொழாயில வரல, வண்டியில வந்துது."

ரஹீமுன்னிசா குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். "அப்போ ஆத்துல எல்லாருக்கும் போதுற அளவு தண்ணி கீதா, இல்லியா?"

"எங்களுக்கும் கொஞ்சம், உங்களுக்கும் கொஞ்சம், குடிக்க மட்டும்னா அது குடுக்கும். மழை பேஞ்சா ஆறு ஏமாத்தாது. ஆலைக்கு, கம்பெனிக்கு, கட்டடத்துக்குன்னு எல்லாத்துக்கும் அதையே உறிஞ்சினா அது எங்க போவும்? கடல்தான் உள்ள வரும்." வேம்பு டம்ளரை வைத்துவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று, போன் நம்பரை மட்டும் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜுலைகா ஓர் ஆட்டோவை நிறுத்தினாள். ரஹீமுன்னிசாவைச் சந்து முனையில் விட்டுவிட்டு அப்படியே வண்ணாரப்பேட்டை போவதாகச் சொன்னாள்.  துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஆட்டோ ஊர்ந்தது. ரஹீமுன்னிசாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"சம்மந்தி, நீங்க நவ்ரீனை அனுப்ப வேணாம். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஒங்களை ஏமாத்தினது தப்புதான். என்னை மன்னிச்சுடுங்க."

ஜுலைகா திரும்பிப் பார்த்தாள். "ஆரு ஏமாந்தது?"

"இன்னா சொல்றீங்க?"

"அன்னிக்கே தெரியும் எனக்கு. நானும் தெனம் கேன் தண்ணி குடிக்கிறவதானே? வாயில வெச்சா தெரியாதா? சொன்னா, அப்பால ஒங்க வூட்டுத் தண்ணி எப்டின்னு நீங்க கேப்பீங்க. அதான் கம்முனு இருந்துட்டேன்."

 "தெரிஞ்சுமா அனுப்பறேன்னு சொன்னீங்க?"

"ஒரு வாய் குடிச்சுப் பாக்க வந்தவளுக்கு அண்டா நெறைய ஊத்தி வெச்சிருந்தீங்களே சம்மந்தி. பொண்ணு வரணும்னு இவ்ளோ பாடு படறவ, என் பேரப்புள்ளைய உப்புத் தண்ணில குளிப்பாட்டுவாளா? அதான் பாத்தேன். தண்ணியப் பாக்க வந்தேன், ஒங்களப் பாத்துட்டுப் போய்ட்டேன்." ஜுலைகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வர புதன்கெழமை இட்டாந்து வுடறேன். கேன் பாதி நீங்க வாங்குங்க, பாதி மொஹ்சின் கொணாந்து போடுவான்."

ரஹீமுன்னிசா முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இந்தத் தடவை வெட்கப்படாமல் அழுதாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பார்க்காதது போல ஹாரன் அடித்தார்.

அழுகை அடங்கியதும் அவளுக்கு வேம்புவின் முகம் நினைவுக்கு வந்தது. கேன் வண்டியில் வந்து, அண்டாவில் விழுந்து, நாளைக்குப் பிள்ளையின் தலையில் தன் கையால் ஊற்றப்போவது அந்தம்மா கிணற்றுத் தண்ணீர்தான்.

"சம்மந்தி, புள்ளையக் குளிப்பாட்டப் போறது அந்த வேம்பம்மாவோட தண்ணிலதான்."

ஜுலைகா தலையை ஆட்டினாள். "ஆமா. அப்போ பேர் வெக்கிற அன்னிக்கு அவங்களையும் கூப்புடணும்."

"கூப்புடலாம். நம்பர் குட்த்திருக்காங்க." ரஹீமுன்னிசா போனை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது. "வூட்டுக்கு வந்தா குடிக்க இன்னா தண்ணி குடுக்கறது சம்மந்தி? கேன் குடுத்தா, அது அவங்க கெணத்துத் தண்ணியாச்சே."

ஜுலைகா திரும்பி ரோட்டைப் பார்த்தாள்.  எதிரே லாரி வரிசை கொஞ்சம் நகர்ந்தது. ஆட்டோவும் நகர்ந்தது.